ஐந்தாவது காற்கூறு

இறைச்சிக்காக வளர்க்கும் மாட்டை உயிரோடு நிறுத்தால் ஓர் எடை. தலை, தோல், கால், இரத்தம், குடல், ஈரல் முதலியவற்றை நீக்கிக் கொக்கியில் மாட்டி நிறுத்தால் வேறோர் எடை. பின்னது முன்னதில் பாதி, அல்லது அதற்குச் சற்று மேல். எஞ்சிய பகுதியின் கதையைப் பிரேசில் நாட்டை வைத்துக் காண்போம்.

அந்நாட்டைக் கொள்ளக் காரணம் உண்டு. அங்குள்ள இறைச்சி மாடுகளில் பெரும்பங்கு 'நெலோரே' இனத்தைச் சார்ந்தவை. நம் ஆந்திரத்து ஓங்கோல் மாடுகளே அவற்றின் மூதாதைகள். நெல்லூரின் பெயரைக் கடல் கடந்தும் அவை சுமக்கின்றன.

அங்கே மாட்டின் விலை 'அரோபா' கணக்கில், அதாவது கொக்கியில் தொங்கும் உடலின் 15 கிலோகிராமுக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. அவ்வுடலை நான்கு காற்கூறுகளாக அறுப்பர். நீக்கியவற்றுக்கு 'ஐந்தாவது காற்கூறு' என்று வேடிக்கைப் பெயர். தோலும் ஈரலும் கொழுப்பும் விலைபோகும் பொருள்களே. ஆயினும் அவ்விலை பொதுவாக வளர்த்தவர் கணக்கில் தனியே ஏறுவதில்லை.

நம் உழவர் காளையைக் காயடிப்பது ஏருக்கும் வண்டிக்கும் பழக்குவதற்கு. அங்கே காயடிப்பது மந்தையில் சண்டை ஒழியவும், இறைச்சியின்மேல் கொழுப்புப் படியவும். விரைகளிலிருந்து வரும் ஆண்மைச் சுரப்பு நின்றதும் தசை வளர்ச்சி தளர்கிறது. தின்ற தீனியில் மிகுதியான பங்கு கொழுப்பாகிறது. அது முழுவதும் இறைச்சியைச் சேருமாயின் நட்டமில்லை. ஒரு பகுதி இரைப்பையைப் போர்த்தியும் குடலைச் சூழ்ந்தும் தங்கிவிடுகிறது. தீனிக்குக் கொடுத்த பணம் ஐந்தாவது கூற்றில் போய் ஒளிந்துகொள்கிறது என்றே நாம் சொல்லலாம்! காயடிக்காத காளைக்கோ உட்கொழுப்புக் குறைவு. தலையும் கழுத்தும் தடித்துப் பருக்கின்றன.

வயதும் இதில் சேர்ந்துகொள்கிறது. கன்றின் உடலில் இதயம், ஈரல், குடல் ஆகியவை முந்தி வளர்கின்றன, தசை பிந்தி, கொழுப்பு எல்லாவற்றுக்கும் பிந்தி. ஆதலின் வயது ஏற ஏற, உள்ளுறுப்புகள் எடையில் கூடினாலும் உடலெடையில் அவற்றின் விகிதம் தாழ்கிறது. உட்கொழுப்பின் விகிதம் உயர்கிறது. காயடித்த மாட்டில் இவ்வுயர்வு முன்னதாகவே தொடங்கிவிடும்.

எனவே காயடித்த மாட்டைக் கொழுத்த பின்னும் கொட்டிலில் நிறுத்தித் தீனி போடுவது வளர்ப்பவருக்கு ஆதாயமன்று. காயடிக்காத காளையை இன்னும் சில மாதம் வைத்திருக்கலாம், தசை வளர்ந்துகொண்டேயிருக்கும். ஆனால் அதன் இறைச்சியின்மேல் கொழுப்புப் போர்வை மெல்லியது. குளிரறையில் அது விரைவில் குளிர்ந்து, கடினமாகிக் கறுத்துவிடுமாயின், அரோபாவுக்குக் கிடைக்கும் விலையும் குறையும்.