திரையில் 400, சக்கில் 200

ஸ்ரீராம்புரம் என்றதும் நம்மவர்களில் பலருக்கு நினைவுக்கு வருவது நெருக்கமான தெருக்களும், வாசலுக்கு வாசல் கேட்கும் தமிழ்ப் பேச்சும், ரயில் சத்தமும்தான். பின்னி மில், மினர்வா மில் என்று ஆலை வேலையை நம்பி வட ஆற்காடு, தர்மபுரிப் பக்கங்களிலிருந்து வந்த குடும்பங்கள் இங்கு உண்டு. மினர்வா மில் என்ற பெயரைச் சட்டம் படிப்பவர்கள் 1980-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அறிவார்கள். நம்மவர்களுக்கு அது ஆலைச் சங்கின் பெயர். அந்தச் சங்கு கேட்டு வேலைக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பீனியாவுக்குப் போகிறார்கள். 2014 மார்ச்சில் மெட்ரோ ஓடத் தொடங்கிய பின், ஸ்ரீராம்புரம் நிலையத்தில் ஏறினால் பீனியாவில் இறங்கலாம். சிலர் அங்கே சில ஆண்டுகள் தொழில் பழகிவிட்டு, வீட்டின் கீழ்ப்பகுதியிலேயே ஒரு சிறிய சி.என்.சி. லேத்தை வாங்கிப் போட்டுச் சொந்தப் பட்டறை தொடங்குகிறார்கள்.

எங்கள் எதிர்வீட்டுத் தம்பி அப்படித் தொடங்கியவன். அம்மாவின் நகைகளை அடகு வைத்துப் பழைய இயந்திரம் ஒன்றை வாங்கினான். புஷ், பின் போன்ற சின்ன ஜாப்கள் நன்றாகவே போயின. பிறகு 80 மி.மீ. விட்டமுள்ள இரும்பு ஃபிளாஞ்ச் 300 செய்யும் ஆர்டர் கிடைத்தது. முதல் தவணையாக அனுப்பிய 40-ம் திரும்பி வந்துவிட்டன. மேற்பரப்பு கரகரவென்று இருந்தது. இன்செர்ட்டுகளின் முனையும் உடைந்துகொண்டே போனது. ஒருநாள் இரவு அவனுடைய அம்மா வந்து, "அண்ணா, நீங்க ரயில்வேல மெஷின் எல்லாம் பார்த்தவங்க, ஒரு தடவை வந்து பாருங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். பெல்ட்டைத் தொட்டதும் திடுக்கிட்டேன். வீணைத் தந்தி போல விறைத்திருந்தது. "பெல்ட் சறுக்குது மாமா. அதான் ஒரு மாசமா கொஞ்சம் கொஞ்சமா இறுக்கிட்டே வர்றேன்" என்றான். ஹெட்ஸ்டாக்கின் மேல் கை வைத்தேன். சில விநாடிகளுக்கு மேல் வைக்க முடியவில்லை.

அந்த லேத்தின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். மோட்டார் 50 சைக்கிளில் நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும். டிரைவ் அதை 75 சைக்கிள் வரை கொண்டுபோகும். மோட்டாரிலும் ஸ்பிண்டிலிலும் இரண்டு படி உள்ள புல்லிகள். மேல் படியில் இரண்டுமே 105 மி.மீ.; மோட்டாரின் வேகம் அப்படியே ஸ்பிண்டிலுக்கு வரும். கீழ்ப் படியில் மோட்டார் பக்கம் 70, ஸ்பிண்டில் பக்கம் 140; வேகம் பாதி, முறுக்குவிசை இரட்டிப்பு. (70-ம் 140-ம் 210, 105-ம் 105-ம் அதே 210. அதனால்தான் ஒரே பெல்ட் இரண்டு படிக்கும் பொருந்துகிறது.)

பெரிய விட்டத்துக்குக் கீழ்ப் படிதான் சரி. வேகத்தை டிரைவால் மட்டும் குறைத்தால் முறுக்குவிசை கூடாது, மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுற்றி மோட்டார் சூடாகும். தம்பி இதைத் தெரிந்துதான் பெல்ட்டைக் கீழ்ப் படிக்கு மாற்றியிருந்தான். கணக்கும் சரியாகவே போட்டிருந்தான். வெட்டு வேகம் நிமிடத்துக்கு 100 மீட்டர் என்று கொண்டு, அதை 1000-ஆல் பெருக்கி, 3.1416-ஆலும் 80-ஆலும் வகுத்தால் 398 வரும். அவன் 400 என்று கொடுத்தான். திரையும் 400 என்றே காட்டியது.

நான் மருமகனிடமிருந்து ஒளியால் அளக்கும் டாக்கோமீட்டர் ஒன்றை வாங்கிவந்து, சக்கின் மேல் மினுக்கும் நாடாவை ஒட்டி அளந்தேன். 200. மறுபடி 100 கொடுத்துப் பார்த்தோம், 50. 800 கொடுத்தோம், 400. எல்லாம் டூல் தொடாமல் வெறுமனே சுற்றும்போது.

வாசக அன்பர்கள் இவ்விடத்தைக் கவனிக்க வேண்டும். சறுக்கும் பெல்ட் ஒருபோதும் இவ்வளவு ஒழுங்காகச் சறுக்காது. சுமையில்லாமல் சுற்றும்போது அநேகமாகச் சறுக்கவே சறுக்காது. டூல் இரும்பில் இறங்கும்போதுதான் வேகம் விழும், அதுவும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக. எல்லா வேகத்திலும் சரியாகப் பாதி என்றால் அது பெல்ட்டின் குற்றமே அல்ல, கணக்கின் குற்றம். டிரைவுக்குப் போகும் 10 வோல்ட் என்றால் ஸ்பிண்டில் 2160 சுற்று என்று கட்டுப்பாட்டுப் பெட்டியில் பதிந்திருந்தது. அது மேல் படிக்கான எண். கீழ்ப் படிக்கு 1080 என்று மாற்றியிருக்க வேண்டும். பெல்ட் மாறியதை யாரும் பெட்டிக்குச் சொல்லவில்லை.

ஸ்பிண்டிலின் சுற்றை எண்ணும் என்கோடர் இருந்திருந்தால் திரையே உண்மையைக் காட்டியிருக்கும். இந்தப் பழைய இயந்திரத்தில் அதை யாரோ எப்போதோ கழற்றிவிட்டிருந்தார்கள். ஆகவே திரை காட்டியது நாம் கேட்ட வேகத்தை. ஓடிய வேகத்தை அல்ல.

இன்செர்ட் ஏன் உடைந்தது என்பதற்கும் விடை இதிலேயே இருந்தது. ஒரு சுற்றுக்கு 0.2 மி.மீ. ஊட்டம் என்று கொடுத்திருந்தான். பெட்டி தனக்குத் தெரிந்த 400-ஆல் பெருக்கி, டூலை நிமிடத்துக்கு 80 மி.மீ. நகர்த்தியது. சக்கோ 200 சுற்றுதான் சுற்றியது. எனவே உண்மையான ஊட்டம் 0.4. ஊட்டம் இரட்டித்தால் மேற்பரப்பின் மேடுபள்ளம் நான்கு மடங்காகும். 0.8 மி.மீ. முனை ஆரமுள்ள இன்செர்ட்டுக்கு ஏட்டுக் கணக்குப்படி 6 மைக்ரான் இருக்க வேண்டியது 25 மைக்ரான் ஆகிவிடும். ஃபிளாஞ்சுகள் திரும்பி வந்ததில் வியப்பில்லை.

"அப்போ நான் இறுக்குனதெல்லாம்?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை.

பெல்ட்டைத் தளர்த்திச் சரியாக வைத்தோம். முதலில் மெயினை அணைத்துவிட வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். இரண்டு புல்லிகளின் முகத்திலும் ஒரு நூலைப் பிடித்து, நான்கு இடத்திலும் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பெல்ட்டின் நடுவில் அழுத்திப் பார்ப்பது. புல்லிகளுக்கு இடைப்பட்ட நீளத்தில் 100 மி.மீ.க்கு 1.6 மி.மீ. என்ற கணக்கில் அமுங்க வேண்டும். எவ்வளவு விசையில் என்பது பெல்ட் கம்பெனியின் அட்டவணையில் இருக்கும். இங்கே நீளம் 350, ஆகவே ஐந்தரை மி.மீ. அவன் இறுக்கியிருந்ததில் ஒரு மி.மீ. கூட அமுங்கவில்லை. வி-பெல்ட் பிடிப்பது பக்கவாட்டில்தான். பள்ளத்தின் அடி பளபளவென்றிருந்தால் பெல்ட் தேய்ந்து அடியில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். அதை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான்.

ரயிலிலும் இதே பாடம் உண்டு. பெட்டிகளுக்கு அடியில், அச்சிலிருந்து பெல்ட்டால் சுற்றும் மின்னாக்கிகள் பல ஆண்டுகள் விளக்கெரித்தன. அங்கே இழுவையை ஒரு ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். ஒரு பெல்ட் போனால் அதை மட்டும் மாற்றக் கூடாது, தொகுப்பு முழுவதையும் ஒரே அளவில் மாற்ற வேண்டும். புதுப் பெல்ட் சிறிது ஓடி இளகிய பின் மறுபடி சரிபார்க்க வேண்டும். இல்லையேல் பயணிகள் இருட்டில் போக வேண்டியதுதான்.

தம்பியின் தவறு நல்லவேளையாக மெதுவான பக்கத்தில் நடந்தது. தலைகீழாக எண்ணிப் பாருங்கள். பெட்டியில் கீழ்ப் படியின் எண் இருக்கிறது, பெல்ட் மேல் படிக்குப் போய்விட்டது. திரையில் 1000, சக்கில் 2000. வேகம் இரட்டித்தால் மையவிலக்கு விசை நான்கு மடங்கு. அது தாடைகளை வெளியே இழுத்துப் பிடியைத் தளர்த்தும். ஜி96 போட்டு முகத்தைச் சீவும்போது டூல் மையத்தை நெருங்க நெருங்க வேகம் தானே ஏறிக்கொண்டே போகும். அதற்கு ஜி50-இல் உச்சவரம்பு வைப்போம். பெட்டிக்குத் தப்பான புல்லிக் கணக்கு இருந்தால் அந்த வரம்பும் தப்பு. சக்கின் முகத்தில் அதன் உச்ச வேகம் பொறித்திருக்கும். அதைப் படித்திருக்கிறாயா என்றேன். எண்ணெய்க் கறையைத் துடைத்து அப்போதுதான் படித்தான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பட்டறையில் சோக் வைத்த பழைய டியூப்லைட் ஒன்றே ஒன்று. அது விநாடிக்கு 100 முறை மினுங்கும். மூன்று தாடைச் சக் 2000 சுற்றில் ஓடினால், ஒவ்வொரு மினுக்கத்திலும் ஒரு தாடை முந்தைய தாடையின் இடத்துக்கு வந்துவிடும். சக் நின்றுகொண்டிருப்பது போலவே தெரியும். கை நீட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மறுநாளே லேத்துக்கு மேல் மினுங்காத விளக்கு ஒன்று மாட்டச் சொன்னேன்.

எண்ணை 1080 ஆக்கி, 400 கொடுத்து அளந்தோம், 401 வந்தது. டூல் இறங்கியபோது ஓரிரு சதவீதம் குறைந்தது. அது மோட்டாரின் இயல்பு. அன்றிரவு சீவிய ஃபிளாஞ்சில் முகம் தெரிந்தது. இப்போது சுவரில் ஒரு அட்டை தொங்குகிறது: எந்தப் படி, பெட்டியில் எந்த எண், அளந்து பார்த்த தேதி.

பேரிங் மட்டும் இன்னும் லேசாக முனகுகிறது. ஒரு மாதம் இறுக்கி ஓட்டியதன் மிச்சம் அது. மாற்றுவதற்கு ஸ்பிண்டிலைக் கழற்ற வேண்டும், இரண்டு நாள் வேலை நிற்கும். 300-ம் போய்ச் சேரட்டும் மாமா என்கிறான். அதுவரை தினமும் மாலை இயந்திரம் நின்றதும் ஹெட்ஸ்டாக்கில் கை வைத்துச் சூடு பார்க்கும் வேலையை அவன் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். தோசைக்கல்லின் பதம் பார்த்த கை அது.