தோட்டத்து முனையில் கிடக்கும் கல்

டீச்சர், தே தாரிக் சூடாக இருக்கிறது, கொஞ்சம் ஆறட்டும். அடுத்த வாரம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு மாற்றலாகிப் போகிறீர்கள். தார் ரோட்டை விட்டு இறங்கிச் செம்மண் ரோட்டில் தினமும் மோட்டாரில் போய்வர வேண்டும். அந்தச் சரளைக் கல்லில் எப்படி ஓட்டுவது என்று கேட்டீர்கள். "மெதுவாகப் போங்கள்" என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். அது சரிதான், ஆனால் போதாது. மெதுவாகப் போகிறவர்களும் விழுகிறார்கள். ஏன் விழுகிறார்கள் என்பது அந்தக் கல் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் விளங்கும்.

பீடோங், சுங்கை பட்டாணி, கோலக்கெட்டில், பாடாங் செராய், கூலிம் என்று கெடாவில் எந்தப் பக்கம் தோட்டத்துக்குள் திரும்பினாலும், ரோட்டில் போட்டிருப்பது பெரும்பாலும் லேட்டரைட் என்கிற செம்பாறை மண். வெயிலும் மழையும் மிகுந்த நாடுகளில், காலங்காலமாகப் பெய்த மழை மண்ணில் இருக்கும் சிலிக்காவைக் கரைத்துக் கொண்டுபோய்விடும். இரும்பும் அலுமினியமும் தங்கிவிடும். சிவப்பு அந்த இரும்பால் வந்தது. மலபாரில் அங்காடிப்புரம் பக்கம் இதை வெட்டி வீடு கட்டுவதைப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன், 1807இல் வந்த தம் பயண நூலில் இதை விவரித்திருக்கிறார்: வெட்டும்போது மென்மையாக இருக்கும், காற்றுப் பட்டால் இறுகும். இறுகுகிற குணத்தால்தான் அது ரோடு போடவும் உதவுகிறது.

அந்த மண்ணுக்குள் இரும்பு திரண்டு, மிளகு அளவிலிருந்து கொண்டைக்கடலை அளவு வரை உருண்டைகள் இருக்கும். களிமண் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும்வரை ரோடு கெட்டியாக இருக்கும். பிடித்திருக்கும் மண் போய்விட்டால் மிஞ்சுவது உருளும் கல் மட்டுமே. அந்த மண் இரண்டு விதமாகப் போகிறது. அடைமழையில் கரைந்து ஓடுகிறது. வறட்சியில் லாரிச் சக்கரத்துக்கு அடியில் பொடியாகித் தூசாகப் பறக்கிறது. நம் வடக்குப் பக்கத்தில் ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைந்து காய்ந்து கிடக்கும். அதே சமயத்தில் பால் மரமாகிய ரப்பரும் இலை உதிர்க்கும். கல்லின்மேல் சருகு மூடிவிட்டால் கீழே குழி இருக்கிறதா, கல் குவிந்திருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. மழை பெய்த மறுநாள் காலையில், ஈரம் உள்ளே இருந்து மேல் மட்டும் உலர்ந்திருக்கும்போது, அதே ரோடு மிக நன்றாக இருக்கும். மழை பெய்துகொண்டிருக்கும்போது களிமண் வழுக்கும், அது வேறு கதை. ஆக, ரோட்டின் குணம் நாளுக்கு நாள் மாறும். நேற்றுப் போன வேகத்தில் இன்றைக்கும் போகலாம் என்று நினைக்கக் கூடாது.

இனி டயரைப் பார்ப்போம். காய்ந்த தார் ரோட்டில் டயருக்குக் கிடைக்கும் பிடிமானத்தில் ஏறக்குறையப் பாதிதான் இந்தக் கல்லில் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும்போது தாரில் நல்ல பிரேக் சுமார் 8 மீட்டரில் நிறுத்தும் என்றால், இங்கே 16 மீட்டர் ஆகும். கண் பார்த்துக் கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஒரு விநாடி போய்விடும். அதற்குள்ளேயே 11 மீட்டர் ஓடியிருக்கும். வேகத்தைப் பாதியாக்கி 20இல் போனால் அந்த 16 மீட்டர் நாலில் ஒரு பங்காகி 4 மீட்டரில் நின்றுவிடும். வேகம் பாதியானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் கால்வாசியாகும். இந்தக் கணக்கு மனத்தில் இருந்தால், எவ்வளவு மெதுவாக என்று யாரையும் கேட்கத் தேவையில்லை.

ஆனால் மெதுவாகப் போகிறவர்களைக் கீழே தள்ளுவது பெரும்பாலும் அவர்களுடைய கைதான். கல்லில் ஏறியதும் முன்சக்கரம் இடமும் வலமும் ஆடும். பயத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்போம். அது தவறு. மோட்டாரின் முன்ஃபோர்க் சாய்வாக அமைந்திருப்பதால், சக்கரம் தரையைத் தொடும் இடம் திருப்பும் அச்சுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கும். அதனால் ஓடும்போது சக்கரம் தானாகவே நேருக்குத் திரும்பிவிடும். கை இறுகினால் அந்த வேலையைச் செய்ய விடாமல் நாமே தடுக்கிறோம். தோளைத் தளர்த்துங்கள், முழங்கையை மடக்கி வையுங்கள், கைப்பிடியை விரலால் பிடித்தால் போதும். கண் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் இருக்கட்டும். முன்சக்கரத்துக்கு நேர்கீழே பார்த்தால் ஒவ்வொரு கல்லுக்கும் கை பதறும். ஆக்சிலேட்டரை முறுக்குவது ஒரே சீராக இருக்கட்டும். திடீரென்று விட்டால் எடை முன்னால் வந்து விழும், முன்சக்கரம் கல்லில் புதையும். பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் நேரம் கிடைக்காது.

பிரேக்கையும் அதே கணக்கில் பாருங்கள். நேராகப் போகும்போது இரண்டையும் மெதுவாகப் பிடிக்கலாம். வளைவுக்குள் முன்பிரேக்கைத் தொடவே கூடாது. வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். உங்களுடையது கப்சாய், கிளட்ச் பிடி கிடையாது. கியர் மிதியை அழுத்தும்போதே கிளட்ச் விடுபடும். இறக்கத்தில் பலர் மிதியை அழுத்தியபடியே காலை வைத்திருப்பார்கள். அப்போது இன்ஜினின் தடை சக்கரத்துக்குக் கிடைக்காது, மோட்டார் தன்போக்கில் உருளும். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்து, காலை மெல்ல எடுத்துவிடுங்கள். வேகத்தை இன்ஜினே பிடித்துக்கொள்ளும்.

எந்தப் பாதையில் போவது? லாரியும் டிராக்டரும் போட்ட இரண்டு தடங்கள் தெரியும். சக்கரம் ஏறி ஏறி அங்கே மண் அமுங்கிக் கிடக்கும். கல்லெல்லாம் தெறித்து நடுமேட்டிலும் ஓரத்திலும் சேர்ந்திருக்கும். ஒரு தடத்தைப் பிடித்தால் அதிலேயே இருங்கள். மாற வேண்டியிருந்தால் நேரான இடத்தில், மேடு தாழ்ந்திருக்கும் இடத்தில் மாறுங்கள். செம்பனைக் குலை ஏற்றிய லாரி எதிரே வந்தால் முன்கூட்டியே ஓரத்துக்கு ஒதுங்கிக் காலை ஊன்றி நின்றுவிடுங்கள். ஓரத்தில்தான் கல் அதிகம், அங்கே ஓட்டிக்கொண்டே ஒதுங்குவது ஆபத்து. தூசு அடங்கியபின் கிளம்பலாம், பள்ளி மணி அடித்திருந்தாலும் பரவாயில்லை.

சில இடங்களில் ரோடு அலை அலையாக மடிந்திருக்கும். அதைப் பற்றி 2007இல் ஸ்டீபன் மோரிஸ் உள்ளிட்ட மூன்று இயற்பியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மணற்படுக்கையின்மேல் ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டுப் பார்த்தார்கள். ஸ்பிரிங் எதுவும் இல்லாத சக்கரம்கூட, ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் மணலை அலையாக மாற்றிவிடுகிறது. அலைமேல் வேகமாகப் போனால் சக்கரம் மேட்டுக்கு மேடு தாவும்; தாவும் நேரத்தில் பிடிமானமே இருக்காது. இந்த அலையைச் சமப்படுத்தத் தோட்ட நிர்வாகம் கிரேடர் இயந்திரத்தை விடும். கிரேடர் போன மறுநாள் ரோடு அழகாக இருக்கும். அன்றைக்குத்தான் அதிகம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அமுங்கிய தடங்களைக் கிளறி, கல்லை ரோடு முழுக்க ஒரே கனத்தில் பரப்பியிருப்பார்கள். பிடித்துப் போகத் தடமே இருக்காது.

காலில் கம்போங் அடிடாஸ் போடுங்கள். பால் வெட்டப் போகிறவர்கள் காரணம் இல்லாமல் அந்தக் கறுப்பு ரப்பர் ஷூவைப் போடவில்லை. செருப்பு ஊன்றிய இடத்தில் நிற்காது. ஹெல்மெட் 1973 முதல் இந்த நாட்டில் சட்டம். தோட்டத்துக்குள் போலீஸ் இல்லை என்று கழற்றித் தொங்கவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. இந்த நாட்டின் சாலைகளில் சாகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டாரில் போனவர்கள். பின்னால் புத்தகப் பெட்டியைக் கட்டினால் முன்சக்கரத்தின் எடை குறையும், பிடியும் குறையும். பாரத்தை முடிந்தவரை நடுவில் வையுங்கள்.

இவ்வளவு சொன்னாலும், உள்ளே இருக்கும் ரோட்டைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. அங்கே கல் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், உடம்பே எச்சரிக்கையாகிவிடும். நான் பயப்படுவது தோட்டத்து முனைக்கு, செம்மண் ரோடு வந்து தார் ரோட்டில் சேரும் அந்த இருபது முப்பது மீட்டருக்கு. லாரியின் டயரில் ஒட்டிவந்த கல் அங்கே உதிர்ந்து தாரின்மேல் கிடக்கும். மண் ரோட்டில் கல் உருண்டால் கொஞ்சமாவது மண்ணில் அமுங்கும். தாரில் அமுங்க இடமே இல்லை. சிமெண்டுத் தரையில் சிந்திய உளுந்தை மிதித்த மாதிரி கால் போய்விடும். டயருக்கும் தாருக்கும் நடுவில் கல் உருளும்போது, தார் ரோட்டின் பிடிமானம் அங்கே இருந்தும் நமக்கு உதவாது.

அங்கே இரண்டு நேரத்தில் விழுகிறார்கள். காலையில், கோலக்கெட்டில் ரோடு மாதிரி நல்ல தாரில் 60, 70இல் வந்து, அந்த வேகம் உடம்பில் ஒட்டியிருக்கும்போதே மோட்டாரைச் சாய்த்து உள்ளே திரும்புகிறார்கள். மாலையில் இதற்கு நேர்மாறு. கஷ்டமான ரோடு முடிந்தது என்ற நிம்மதியில், தாரைத் தொட்டதுமே சாய்ந்தபடி முறுக்குகிறார்கள். பின்சக்கரம் சுழன்று ஓடிவிடுகிறது. விழும் இடமோ லாரி வரும் ரோடு. இரண்டுக்கும் வழி ஒன்றுதான். கல் கிடக்கும் அந்தத் துண்டை மோட்டாரைச் சாய்க்காமல், பிரேக் பிடிக்காமல், முறுக்காமல் நேராகக் கடந்துவிட வேண்டும். உள்ளே திரும்பும்போது தாரில் நேராக வரும்போதே வேகத்தை ஓர் ஆள் ஓடும் அளவுக்குக் குறைத்துவிடுங்கள். வெளியே வரும்போது முனையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்து, முதல் கியரில் கல்லைத் தாண்டி, சுத்தமான தாரில் இரண்டு சக்கரமும் ஏறியபிறகு முறுக்குங்கள்.

இன்னொன்றும் செய்யலாம், அதற்கு உங்களைப் போன்ற ஆசிரியர்கள்தான் வேண்டும். தோட்டத்து ரோடு நிர்வாகத்தின் பொறுப்பு, வெளியே இருக்கும் தார் ரோடு பொதுப்பணித் துறையின் பொறுப்பு. முனை இரண்டுக்கும் நடுவில் கிடப்பதால் அதைக் கூட்டிப் பெருக்க யாரும் வருவதில்லை. செம்மண் ரோட்டின் கடைசி இருபது முப்பது மீட்டருக்குத் தார் போட்டுவிட்டால், டயரில் ஒட்டிய கல் பெரும்பாலும் அங்கேயே உதிர்ந்துவிடும், பெரிய ரோட்டுக்கு வராது. பொறியாளர்களுக்குத் தெரிந்த முறைதான் இது, பெரிய செலவும் இல்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதுங்கள். பக்கத்திலிருக்கும் கிலோமீட்டர் கல்லின் எண்ணைக் குறிப்பிடுங்கள். கல் சிதறிக் கிடப்பதைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து இணையுங்கள். எத்தனை பிள்ளைகள் அந்த முனை வழியாக மோட்டாரில் பள்ளிக்கு வருகிறார்கள் என்று எண்ணி எழுதுங்கள். ஒரே கடிதத்தை நிர்வாகத்துக்கும் மாவட்டப் பொதுப்பணித் துறைக்கும் அனுப்பி, இன்னாருக்கும் நகல் போயிருக்கிறது என்று இரண்டிலும் கீழே போடுங்கள்.