குளிர்ப்பெட்டியில் பனிப்பாறை

குளிர்ப்பெட்டி இன்று செல்வர் வீட்டுப் பொருள் மட்டுமன்று. தில்லிக்குப் படிக்க வந்து, நால்வராகச் சேர்ந்து இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்திருக்கும் நம் மாணவர்களிடமும் அது வந்துவிட்டது. பெரும்பாலும் படிப்பு முடிந்து ஊர் திரும்பிய மூத்த மாணவர் ஒருவர் விற்றுச் சென்றதாக இருக்கும். அல்லது வீட்டுக்காரர் தமக்குப் புதியது வாங்கிக்கொண்டு மாடிக்கு ஏற்றிவிட்ட பழையதாக இருக்கும். பாலும் தயிரும் இட்லி மாவும் அதை நம்பியே இருக்கின்றன. மாவு புளித்துப் போனால் தோசையாக வார்த்துத் தின்றுவிடலாம். ஆனால் நம்முள் ஒருவர் இன்சுலின் போட்டுக்கொள்பவராக இருந்தால், அவருடைய மருந்தும் அதே பெட்டியில்தான் இருக்கிறது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடுக்குள் இருக்க வேண்டியது. ஒரு முறை உறைந்துவிட்டால், பிறகு உருகிப் பழையபடி தோன்றினாலும் அதைப் போட்டுக்கொள்ளக் கூடாது. ஆகவே பெட்டி சரியாகக் குளிர்கிறதா என்பது வெறும் சாப்பாட்டுப் பிரச்சினை அன்று.

இத்தகைய பழைய பெட்டி முரண்டு பிடிப்பதில் ஒரு வழக்கம் உண்டு. மேலே பனியறையில் வெள்ளைப் பாறை வளர்ந்துகொண்டே போகும். கீழ்த்தட்டில் பால் திரியும். மேலே இவ்வளவு பனி இருக்க, கீழே ஏன் குளிர் இல்லை? இந்தக் கேள்விக்குப் பழுது பார்க்க வருபவர் பலர் ஒரே விடை வைத்திருக்கிறார்கள்: “கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்ப வேண்டும்.” மாணவரும் பணத்தைக் கொடுத்துவிடுகிறார். அந்த விடை சில சமயம் சரி. பல சமயம் தண்டம். எது எப்போது என்பதைப் பனியைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். குளிர்ப்பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. நம் ஊர் மண்பானை செய்வதும் இதுவே. பானையின் மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாகும்போது, ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானைக்குள் இருக்கும் நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. பானை ஆவியைக் காற்றில் விட்டுவிடுகிறது, பெட்டியோ விடுவதில்லை. பனியறையைச் சுற்றியுள்ள குழாயில் ஒரு திரவம் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுகிறது. அந்த ஆவியைக் கம்ப்ரஸர் இழுத்து அழுத்திப் பின்பக்கத்துக் கறுப்புக் கம்பிவலைக்கு அனுப்புகிறது. அங்கே அது வெப்பத்தை அறைக்குள் விட்டு மீண்டும் திரவமாகி, மயிரிழை போன்ற குழாய் வழியே பனியறைக்குத் திரும்புகிறது. சில புதிய பெட்டிகளில் கறுப்பு வலை கண்ணுக்குத் தெரியாது. பக்கச் சுவர்களுக்குள் இருக்கும். தொட்டால் சுடுகிறதே என்று பயப்பட வேண்டாம். உள்ளேயிருந்த வெப்பம்தான் அது.

இந்தச் சுற்று முழுவதும் பற்று வைத்து அடைக்கப்பட்டது. அடுப்புக்கு எரியும் சிலிண்டரைப் போல இதில் வாயு செலவாவதே இல்லை. எனவே “தீர்ந்துவிட்டது” என்ற சொல்லுக்கு இங்கே பொருளில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் கண்டு அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதே.

சரி, பனி எங்கிருந்து வருகிறது? காற்றிலிருக்கும் நீராவியிலிருந்து. ஆகஸ்டு மாதத்துத் தில்லியில், 32 டிகிரி வெப்பமும் 80 சதவிகித ஈரப்பதமும் உள்ள நாளில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 27 கிராம் நீராவி இருக்கும். 5 டிகிரிக்குக் குளிர்ந்த காற்று 7 கிராமுக்கு மேல் தாங்காது. மீதி 20 கிராமும் எங்காவது படிந்தே ஆக வேண்டும். பெட்டிக்குள் வெற்றிடமாக 100 லிட்டர் காற்று இருப்பதாகக் கொள்வோம். கதவைத் திறந்து, “என்ன இருக்கிறது?” என்று நின்று யோசிக்கும் நேரத்தில் அது முழுதும் மாறிவிட்டால் 2 கிராம் நீர் உள்ளே வந்துவிடுகிறது. நால்வர் இருக்கும் அறையில் நாளைக்கு 30 முறை கதவு திறப்பது மிகையன்று. ஒவ்வொரு முறையும் பாதிக் காற்றே மாறினாலும், பதினைந்து நாளில் ஏறத்தாழ அரைக் கிலோ நீர் சேர்ந்துவிடும். அதில் ஒரு பகுதி துளியாகி வடிந்துவிடும். மற்றது பனியறைச் சுவரில் உறையும்.

இதில் வெப்பக் கணக்கும் சேர்கிறது. ஒரு கிராம் நீராவி பனியாக மாறும்போது சுமார் 680 காலரி வெப்பத்தை வெளிவிடுகிறது. 27 கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குக் குளிரச் செய்வதற்கு எடுக்க வேண்டிய வெப்பமும் அவ்வளவே. நம் பெட்டி பாலைக் குளிர்விக்காமல் காற்றின் ஈரத்தோடு போராடிக்கொண்டிருக்கிறது என்றால் அது உவமை அன்று, கணக்கு.

அப்படிப் படிந்த பனி பிறகு தானே தடையாகிறது. பனிக்கட்டி வெப்பத்தைக் கடத்தும் திறனில் அலுமினியத்துக்கு நூறில் ஒரு பங்குகூட இல்லை. காற்றுக் குமிழிகள் நிறைந்த வெண்பனி அதனினும் மோசம். பனியறைச் சுவருக்கு நாமே ஒரு கம்பளி போர்த்திவிட்டதாக ஆகிறது. கம்பளிக்கு அப்பால் சுவர் மிகக் குளிர்ந்திருக்கும். கீழ்த்தட்டுக்கு அது எட்டாது. குளிர் போதவில்லை என்று நாம் குமிழை 7-க்குத் திருப்புகிறோம். அந்த எண் டிகிரி அன்று. எண் ஏற ஏறக் குளிர் கூடும் என்பதே அதன் பொருள். விளைவு? கம்ப்ரஸர் ஓய்வின்றி ஓடுகிறது, பனி இன்னும் தடிக்கிறது, பால் அப்போதும் திரிகிறது. தடிப்பு அரை சென்டிமீட்டரை எட்டும்போதே பனியை நீக்கிவிட வேண்டும்.

நீக்குவது எப்படி? ஒற்றைக் கதவுப் பெட்டிகள் பலவற்றில் குமிழின் நடுவில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். இரவு படுக்கப் போகும்போது அதை அழுத்தினால் கம்ப்ரஸர் நின்று, பனி உருகியபின் தானாகவே மீண்டும் ஓடத் தொடங்கும். பாறை மிகப் பெரிதாகிவிட்டதா? செருகியைப் பிடுங்கி, கதவைத் திறந்து வைத்து, ஒரு கிண்ணத்தில் வெந்நீர் நிரப்பிப் பனியறைக்குள் வையுங்கள். கத்தி, கரண்டிக் காம்பு, ஸ்க்ரூ டிரைவர் இவற்றில் எதையும் கொண்டு குத்தாதீர்கள். பனியறையின் சுவரே குழாய். அது மெல்லிய அலுமினியத் தகடு. ஒரு குத்தில் வாயு வெளியேறிவிடும். புதிய பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஐசோபியூட்டேன், தீப்பற்றக்கூடிய வாயு. முன்னாளில் பயன்பட்ட வாயுக்கள் எரியாதவை. ஆனால் ஓசோன் படலத்தை அரித்தவை. அதனால் 1987-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் படிப்படியாகக் கைவிடப்பட்டன. நம் பெட்டியில் எது இருக்கிறதென்று பின்புறச் சீட்டில் அச்சிட்டிருக்கும். ஆர்-600ஏ என்றிருந்தால் ஐசோபியூட்டேன். குத்திச் சீறல் கேட்டால், விளக்குச் சுவிட்சைத் தொடாமல், தீக்குச்சி கிழிக்காமல், சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

பனியை நீக்கிய ஒரு வாரத்தில் மறுபடி பாறை வளர்ந்தால், ஈரம் நுழையும் வழியைத் தேட வேண்டும். கதவு விளிம்பில் உள்ள ரப்பர் பட்டையே முதல் சந்தேகத்துக்குரியது. செய்தித்தாளில் ஒரு துண்டு கிழித்துக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வழுக்கி வந்தால் அந்த இடத்தில் காற்று புகுகிறது. நான்கு பக்கமும் சோதிக்க வேண்டும். கீழ் விளிம்பும் கீல்ப்பக்கமும் மிக முக்கியம். பாதிப் பட்டைகளுக்கு வியாதி அழுக்குதான். சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரால் துடைத்தால் சரியாகிவிடும். வளைந்து போயிருந்தால் வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி, விரலால் இழுத்து நேராக்கலாம். கிழிந்திருந்தால் புதியது போட வேண்டியதே. அடுத்தது பனியறைக்குரிய சிறு பிளாஸ்டிக் கதவு. பழைய பெட்டிகளில் இதுதான் முதலில் உடைவது. உடைந்தபின் யாரும் கவலைப்படுவதில்லை. கவலைப்பட வேண்டும். அது இல்லாவிட்டால் கீழ்த்தட்டின் ஈரம் அத்தனையும் பனியறையில் போய் ஒட்டிக்கொள்ளும். மூடியில்லாத ரசப் பாத்திரமும் ஆறாத சாம்பாரும் ஈரத்தின் ஊற்றுக்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

தில்லிக்கே உரிய காரணம் ஒன்று உண்டு, ஊரிலிருந்து வரும் நமக்கு அது எளிதில் தோன்றாது. சூன் மாதத்துக் காற்று நெருப்பாகக் கொதித்தாலும் வறண்டது. அக்காற்றை நனைந்த வைக்கோல் வழியே இழுத்து அறைக்குள் ஊதும் கூலர், அறையைக் குளிர்விக்கும்போதே நீராவியையும் நிரப்புகிறது. அறைக் காற்றின் ஈரம் வெளிக் காற்றைவிட ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடக்கூடும். கூலர் ஊதும் முகத்துக்கு எதிரே குளிர்ப்பெட்டியை நிறுத்தினால் கோடையிலும் பாறை வளர்வதில் வியப்பில்லை. பெட்டியை அடுத்த அறைக்கு மாற்றுங்கள். மாற்றும்போதே பின்வலையில் படிந்த தூசியைத் துடைப்பத்தால் தட்டிவிட்டுச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். வெப்பம் கொட்டும் இடம் அடைபட்டால் உள்ளே குளிர் ஏறாது.

பனி படியாத வகை என்று விற்கப்படும் இரட்டைக் கதவுப் பெட்டிகளின் கதை வேறு. அவற்றிலும் பனி படியத்தான் செய்கிறது. பின்சுவருக்குப் பின்னால் மறைவாகப் படிகிறது. சில மணிக்கு ஒரு முறை மின்சூடேற்றி ஒன்று அதை உருக்கிவிடும். அது பழுதானால் மறைவிடம் பனியால் அடைந்து, விசிறியின் காற்று கீழே வராது. மேலே உறைகிறது, கீழே வெதுவெதுப்பு என்றால் பெரும்பாலும் இதுவே. சோதிக்க எளிய வழி இருக்கிறது. பொருள்களை வெளியே எடுத்துவிட்டு, செருகியைப் பிடுங்கி, கதவுகளைத் திறந்து ஒரு நாள் முழுதும் விட்டுவிடுங்கள். பிறகு ஓடவிட்டால் சில நாள் நன்றாகக் குளிர்ந்து, மறுபடி பழையபடி ஆகிறதா? அப்படியானால் வாயுவின் மேல் பழியில்லை. உருக்கும் பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள். காய்கறித் தட்டின் கீழ் நீர் தேங்கினால் பின்னால் உள்ள வடிகால் துளை அடைந்திருக்கிறது. கொத்தமல்லித் தழை ஒன்றே போதும் அதை அடைக்க. வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாக விட்டால் திறந்துகொள்ளும்.

இனி வாயு உண்மையாகவே குறைந்ததன் அடையாளம். ஒற்றைக் கதவுப் பெட்டியில், பனியறையின் ஒரு மூலையில் மட்டும் கையகலப் பனி. மற்ற இடம் வெறும் தகடு. கம்ப்ரஸர் நிற்காமல் ஓடுகிறது. பின்வலையோ தொட்டால் சூடே இல்லை. இந்த நான்கும் சேர்ந்திருந்தால் பழுது பார்ப்பவர் சொல்வதை நம்பலாம். ஓட்டை எங்கே என்று மட்டும் கேளுங்கள். சுவர் முழுதும் சீராகப் பனி படிந்திருக்கும் பெட்டிக்கு வாயு நிரப்ப வேண்டும் என்றால் மறுத்துவிடுங்கள். மேலும் கீழும் எல்லாம் உறைந்து, தக்காளி கல்லாகிறது என்றால் கோளாறு தெர்மோஸ்டாட்டில். பனியறைச் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டிய அதன் மெல்லிய உணர்குழாய் கழன்று விலகியிருந்தாலும் இப்படி ஆகும். கம்ப்ரஸர் உறுமி, “டிக்” என்று நின்று, சில நிமிடம் கழித்து மறுபடி உறுமினால் மின்னழுத்தம் குறைவாக இருக்கலாம். பல செருகிகள் மாட்டிய நீட்டுக் கம்பியில் இணைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். மின்சாரம் போய் உடனே வந்தாலும் இப்படிச் சில முறை உறுமுவதுண்டு. உள்ளழுத்தம் சமமாக ஐந்து நிமிடம் போல ஆகும். அதுவரை அணைத்து வைப்பது நல்லது.

இத்தனைக்கும் நடுவில் நமக்கு வேண்டிய கருவி ஒரு வெப்பமானி. கடையில் கிடைக்கும் ஆல்கஹால் வெப்பமானி போதும். பாதரச வெப்பமானியை உணவு வைக்கும் இடத்தில் வைக்காதீர்கள். ஒரு தம்ளர் நீரில் அதை நிறுத்தி நடுத்தட்டில் ஓர் இரவு விட்டு, காலையில் கதவு திறந்தவுடன் படியுங்கள். காற்றை அளந்தால் எண் துள்ளும். நீரை அளந்தால் உண்மை தெரியும். 3 முதல் 5 டிகிரி வரை இருந்தால் நலம். இன்சுலினுக்கு நடுத்தட்டின் முன்பகுதியே ஏற்றது. ஒரு மூடிய டப்பாவில் வைக்கலாம். பனியறையை ஒட்டியோ, பின்சுவரைத் தொட்டோ வைத்தால் உறையக்கூடும். கதவுத் தட்டில் வைத்தால் முப்பது முறையும் வெயில் காற்று படும்.

குளிர்காலம் வந்ததும் சிலர், “வெளியே இவ்வளவு குளிர்; ஆனால் பனியறையில் ஐஸ்கிரீம் இளகுகிறதே!” என்று வியக்கிறார்கள். இரட்டைக் கதவுப் பெட்டிகள் சிலவற்றில் கம்ப்ரஸரை ஓட்டும் கட்டளை கீழறையிலிருந்து பிறக்கிறது. சனவரி மாதத்து அறையில் கீழறை தானே குளிர்ந்திருப்பதால் அந்தக் கட்டளை பிறப்பதே அரிது; மேலறை கவனிப்பாரற்றுப் போகிறது. பெட்டியில் குளிர்கால அமைப்பு என்று ஒரு குறி இருந்தால் அதற்குத் திருப்புங்கள். இல்லையேல் குமிழை ஒன்றிரண்டு எண் கூட்டி, மறுநாள் காலை தம்ளர் நீரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.