வக்கீலாக எந்த குரூப் எடுக்க வேண்டும்?

அந்தமானில் போர்ட் பிளேரிலிருந்து வடக்கே பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஜிர்காட்டாங் செக்போஸ்ட் நன்றாகத் தெரியும். (2024 செப்டம்பரில் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறினாலும் வாய்க்கு இன்னும் பழகவில்லை.) கான்வாய் கிளம்பும்வரை வண்டிகள் வரிசையில் காத்து நிற்கும். அதற்கு அப்பால் ஜாரவா மக்களின் காடு. வழியில் வண்டியை நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. காட்டுக்குள் போகும் அந்தச் சாலைப் பகுதிகளை மூடும்படி 2002 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்றும் அவை மூடப்படவில்லை, அது வேறு கதை.

அந்த உத்தரவுக்கு அடிப்படையாக இருந்தது சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கை. மரம் வெட்டுதல், கடற்கரை மணல் அள்ளுதல், வெளியிலிருந்து வந்து பரவிய செடிகளும் விலங்குகளும், காட்டு நில ஆக்கிரமிப்பு என்று அது பேசியதெல்லாம் தீவின் மண்ணையும் மனிதர்களையும் பற்றித்தான். உயிரியலும் புவியியலும் சமூகவியலும் புரியாத வக்கீல் அப்படியொரு வழக்கில் என்ன வாதாட முடியும்?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "பையன் லா படிக்கணுங்கிறான், எந்த குரூப்ல சேர்க்கலாம்?" சட்டத்துக்கென்று தனி குரூப் கிடையாது. பிளஸ் டூவில் எந்தப் பாடம் படித்திருந்தாலும் ஐந்தாண்டு சட்டப் படிப்பில் சேரலாம். இந்திய பார் கவுன்சில் விதிப்படி பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 42, பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 40 சதவீத மதிப்பெண் போதும். இது குறைந்தபட்ச அளவுதான். இடம் கிடைக்க எவ்வளவு வேண்டும் என்பதைக் கல்லூரியில்தான் விசாரிக்க வேண்டும்.

சிபிஎஸ்இ-யில் 'லீகல் ஸ்டடீஸ்' என்றொரு பாடம் உண்டு. அரசியலமைப்பு, நீதிமன்றங்கள், மனித உரிமை, வக்கீல் தொழில் எல்லாம் அதில் வரும். பள்ளியில் இருந்தால் எடுக்கலாம், இல்லாவிட்டால் குடிமுழுகிப் போகாது. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு 2 மணி நேரத்தில் 120 கேள்விகள். தப்பாக எழுதினால் கால் மதிப்பெண் போகும். அதில் சட்டப் பகுதிக்குக்கூட முன்கூட்டிச் சட்டம் தெரிந்திருக்கத் தேவையில்லை. விதியைப் பத்தியிலேயே கொடுத்துவிடுவார்கள். அதை வேகமாகப் படித்துப் பொருத்திப் பார்க்கிற புத்திதான் சோதிக்கப்படுகிறது. கணக்கு சுமார் பத்து சதவீதம், அதுவும் பத்தாம் வகுப்புத் தரம். கணக்குக்குப் பயந்து ஆர்ட்ஸ் எடுத்தவர்களும் அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம்.

ஒரு கதவு மட்டும் பதினாறு வயதிலேயே மூடிக்கொள்ளக்கூடும். பேட்டன்ட் ஏஜென்டாகப் பதிவு செய்ய அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பத்தில் பட்டம் வேண்டும். பி.ஏ., எல்எல்.பி. அதற்குப் போதாது. அந்தப் பக்கம் ஆசை இருந்தால் சயின்ஸ் குரூப்தான். கம்பெனி, வரி வழக்குகள் என்று மனம் போனால் காமர்ஸ் கைகொடுக்கும்.

என்னைக் கேட்டால், குரூப்பைவிட மொழிப் பாடத்துக்குத்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். தீவுகள் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் கீழ் வருகின்றன. அதன் சர்க்யூட் பெஞ்ச் போர்ட் பிளேரில் கூடும்போது நடவடிக்கையெல்லாம் ஆங்கிலத்தில். ஆனால் வக்கீலின் மேசைக்கு எதிரே உட்கார்கிற ஆள் தமிழோ வங்காளமோ தெலுங்கோ இந்தியோ பேசுவார். இங்கே நிலம் முழுக்க அரசுக்குச் சொந்தம் என்கிறது 1966-ஆம் ஆண்டு நிலச் சட்டம். குடியேறியவர்களுக்கு இருப்பது குத்தகை, மானியம், உரிமம் போன்ற உரிமைகள்தான். அப்பா பெயரிலிருக்கும் காகிதத்தைப் பையில் சுருட்டிக்கொண்டு வருகிறவருக்கு இந்த வித்தியாசத்தை அவர் பாஷையில் சொல்லத் தெரியாத வக்கீல் எத்தனை மார்க் வாங்கி என்ன? தமிழ்வழிப் பிள்ளைகள் ஆங்கிலத்தைப் பலப்படுத்த வேண்டும். ஆங்கிலவழிப் பிள்ளைகள் தமிழையும் இந்தியையும் விட்டுவிடக் கூடாது.

கப்பலேறாமல் படிக்கவும் வழி இருக்கிறது. பாண்டிச்சேரி பல்கலைக்கழக இணைப்போடு வந்த அந்தமான் சட்டக் கல்லூரி ஐந்தாண்டுப் படிப்பைத் தருகிறது. இப்போது முடிவெடுக்க முடியாதவர்கள் ஜே.என்.ஆர்.எம். கல்லூரியில் ஏதாவதொரு பட்டம் வாங்கிவிட்டு, பிறகு மூன்றாண்டு எல்எல்.பி.க்கு மெயின்லாண்ட் போகலாம். நீதிபதி ஆக நினைப்பவர்களுக்குப் படிப்பு முடிந்தும் காத்திருப்பு உண்டு. உச்ச நீதிமன்றத்தின் 2025 மே 20 தீர்ப்பின்படி, சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்றாண்டு வக்கீல் அனுபவம் கட்டாயம்.

குரூப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நாள், மாவட்ட நீதிமன்றத்துக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். பின்வரிசையில் உட்கார்ந்து மதியம்வரை கேட்கட்டும். அதன் பிறகும் ஆசை இருந்தால் படிவத்தை நிரப்பலாம்.