ஜீப் சொன்ன சான்று

எங்கள் ஊரில் பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவருடைய பட்டறையில் இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப் ஒன்று பளபளவென்று நிற்கிறது. பத்தாம் வகுப்பில் உலகப் போர் பாடம் நடத்தியபோது, "அந்த ஜீப் பர்மா போர்முனையில் ஓடியது" என்று பெருமையாகச் சொன்னேன். "அது உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். "மெக்கானிக் சொன்னார்" என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. ஆறாம் வகுப்பில் 'வரலாறு என்றால் என்ன?' பாடத்தில் சான்றுகளின் அவசியத்தைச் சொல்லித்தரும் நானே, சான்று கேட்காமல் நம்பியிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை எட்டு மாணவர்களுடன் பட்டறைக்குச் சென்றேன். அதற்கு முன் பின்னணியைத் தொகுத்துக்கொண்டோம். 1940-இல் அமெரிக்க ராணுவம் நான்கு சக்கரங்களும் இழுக்கும் எடை குறைந்த வண்டி ஒன்றைக் கேட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் முதல் மாதிரியை ஒப்படைத்தது பான்டம் நிறுவனம். ஆனால், பெருமளவில் தயாரித்தவை வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்களே. 1941 முதல் 1945 வரை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் வெளிவந்தன. இரு நிறுவனங்களின் பாகங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தும். போர்முனையில் அது பெரிய வசதி. வரலாறு தேடுபவருக்கு அதுவே சிக்கல். ஒரு வண்டியின் பாகம் இன்னொன்றில் எளிதாக ஏறிவிடும்.

மாணவர்கள் நான்கு இடங்களைப் பார்த்தார்கள்.

முதலாவது, முகப்பு. அதில் ஒன்பது திறப்புகள் இருந்தன. 1945-இல் பொதுமக்களுக்காக வந்த ஜீப்பில் ஏழுதான். எனவே, இது போர்க்கால முகப்பு.

இரண்டாவது, முன்புறக் குறுக்குச் சட்டம். வில்லிஸ் வண்டியில் அது உருண்டைக் குழாய். ஃபோர்டில் 'ப' எழுத்தைக் கவிழ்த்தது போன்ற வடிவம். இங்கே இருந்தது கவிழ்த்த 'ப'.

மூன்றாவது, போல்ட்டுகள். ஃபோர்டு தன் பாகங்களில் 'எஃப்' என்ற ஆங்கில எழுத்தைப் பொறித்தது. பல போல்ட் தலைகளில் மாணவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள்.

நான்காவது, எண்கள். ஃபோர்டு ஜீப்பில் சேசிஸ் எண் இடப்பக்கச் சட்டத்தின் மேல் பொறிக்கப்பட்டிருக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது என்ஜினிலும் அதே எண்தான். இந்த வண்டியில் இரண்டும் வெவ்வேறு. ஆக, என்ஜின் பிறகு மாற்றப்பட்டிருக்கிறது.

டேஷ்போர்டில் இருந்த தகடோ 'வில்லிஸ்' என்றது! மாணவி மெக்கானிக்கைப் பார்த்தாள். அவர் சிரித்துவிட்டு, "அது புதுத் தகடு கண்ணு, அழகுக்கு வாங்கி வெச்சது" என்றார். முகப்பில் எழுதியிருந்த ராணுவ எண்ணும் ஒரு புகைப்படத்தைப் பார்த்து அவரே எழுதியது. பர்மா கதை, வண்டியை விற்றவர் வாய்வழியாகச் சொன்னது.

"பழைய பெயின்ட் எங்கே?" என்று ஒரு மாணவன் கேட்டான். புதுப் பெயின்ட் ஒட்டுவதற்காக இரும்பு தெரியும்வரை சுரண்டியதாகச் சொன்னார். அடியில் இருக்கும் பெயின்ட் அடுக்குகளில்தான் பழைய ராணுவ எண்ணின் தடயம் கிடைக்கக்கூடும் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், "முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒரு போட்டோவாவது எடுத்திருப்பேனே சார்" என்றார். இரண்டு ஆண்டு உழைப்பின் மீது குறை சொல்லிவிட்டோமோ என்று எனக்குச் சங்கடமாக இருந்தது.

திங்கட்கிழமை கரும்பலகையில் மூன்று கட்டங்கள் போட்டோம். 'உறுதி': போர்க்கால ஃபோர்டு சேசிஸ், என்ஜின் மாற்றப்பட்டது. 'இருக்கலாம்': பர்மா, போர்க்காலத்தில் ஜீப்புகள் இந்தியாவுக்கு வந்ததும், பர்மா போரில் ஓடியதும் உண்மை. 'சான்றாகாது': புதுத் தகடு, புதிதாக எழுதிய எண். நான் முன்பு சொன்ன வாக்கியத்தை வகுப்பின் முன் நானே திருத்தி எழுதினேன்.

இதற்கு ஜீப்தான் வேண்டும் என்பதில்லை. தையல் இயந்திரம், சுவர்க் கடிகாரம், பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு எதுவும் போதும். பொருள் சொல்வது, ஆவணம் சொல்வது, மனிதர் சொல்வது ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதவைத்து, பிறகு ஒப்பிடச் சொல்லுங்கள்.

மெக்கானிக்கிடம் இப்போது இன்னொரு பழைய வண்டி வந்திருக்கிறது. சுரண்டுவதற்கு முன் போட்டோ எடுக்க எங்கள் மாணவர்களைத்தான் அழைத்திருக்கிறார்.