வசதி என்ற சொல்லும் வைகை என்ற ஆறும்

'வசதி' என்ற சொல் மதுரைப் பேச்சில் இரண்டு விதமாகப் புழங்குகிறது. 'அவுங்க வசதியானவங்க' என்றால் காசு பணம் உள்ளவர்கள் என்று பொருள். 'எங்க ஏரியாவுல ஒரு வசதியும் இல்ல' என்றால் குடிநீர், கழிப்பிடம், சாக்கடை, தெருவிளக்கு, பஸ் எதுவும் சரியாக இல்லை என்று பொருள். முதலாவதில் வசதி தனியாளின் உடைமை. இரண்டாவதில் அது எல்லோருக்கும் சேரவேண்டிய பொது. இந்த இரண்டாவது பொருள் எப்படி முதலாவதற்குள் கரைந்துபோகிறது என்று பார்த்தால் ஒரு நகரத்தின் அன்றாட வாழ்வு பிடிபட்டுவிடும். மதுரையில் அதைப் பார்க்கத் தோதான இடம் வைகை.

வைகை மழையை நம்பிய ஆறு. ஏறத்தாழ 258 கிலோமீட்டர் நடந்து, வழியில் கண்மாய்களை நிரப்பிக்கொண்டே ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போவது. நீர் ஓடாத மாதங்களிலும் அதில் மணல் இருந்தது. மணலுக்கடியில் நீர் இருந்தது. ஊத்துத் தோண்டி மொண்டுகொள்ளலாம், துணி வெளுக்கலாம், மாடு குளிப்பாட்டலாம். இந்த வசதிக்கு ரசீது கிடையாது.

உடனே இதைப் பொற்காலமாக்கிவிட வேண்டாம். எந்தத் துறையில் யார் இறங்கலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைய 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்த ஊர் இது. ஆறு பொதுவாக இருந்தது என்று சொல்லும்போது, 'பொது' என்பதற்குள் யார் இருந்தார்கள் என்ற கேள்வியையும் கூடவே கேட்டாக வேண்டும்.

1895-இல் பெரியாறு அணை மேற்கே போன நீரைச் சுரங்கம் வழியாக வைகைப் படுகைக்குத் திருப்பியது. 1959-இல் ஆண்டிப்பட்டி அருகே வைகை அணை வந்தது. இரண்டும் வயலுக்கு நீர் தந்தன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நகருக்குள் ஆற்றில் நீர் வருவது மழையின் காரியமாக மட்டும் இல்லாமல் மதகைத் திறக்கும் ஆணையின் காரியமாகவும் ஆயிற்று. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கும் அணையிலிருந்து திறந்துவிட வேண்டியிருக்கிறது. இடையில் மணல் லாரியேறிப் போயிற்று. மணல் போன இடத்தில் நீர் தங்காது. கிருதுமால் நதியும் பந்தல்குடி வாய்க்காலும் சாக்கடை சுமக்கின்றன. தல்லாகுளம், பீபீகுளம், சொக்கிகுளம் என்று ஊர்ப்பெயர்களில் மட்டும் குளம் மிச்சமிருக்கிறது.

ஆற்றிலிருந்த நீர் குழாய்க்கு வந்தது. குழாயிலிருந்து லாரிக்கு, லாரியிலிருந்து கேனுக்கு. ஒவ்வொரு படியிலும் விலை ஏறுகிறது. போர் போடவும் மோட்டார் வைக்கவும் முடிந்தவர் பணத்தால் கட்டுகிறார். முடியாதவர் நேரத்தால் கட்டுகிறார். அந்த நேரம் பெரும்பாலும் பெண்களுடையது. 'குடத்த வச்சுட்டுப் போங்கக்கா, நான் பாத்துக்கிறேன்' என்கிற குரலில் ஒரு முழுப் பொருளாதாரம் இருக்கிறது. வரிசையில் உடலுக்குப் பதிலாகக் குடம் நிற்கிறது. அந்த உடல் அதற்குள் வேறு வேலைக்குப் போய்த் திரும்ப வேண்டும்.

கழிவுநீர் போகும் வழியும் இதே கதைதான். மலக்குழிக்குள் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013-இல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் நடந்த மரணங்களை திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் (2017) முகத்தில் அறைந்தாற்போல் காட்டியது. ஒருவர் வீட்டு வசதி இன்னொருவர் மூச்சின்மேல் கட்டப்பட்டிருக்கிறது. அந்த இன்னொருவர் எந்தச் சாதி என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

நகரத்தைத் தாண்டினால் வசதியின் அரசியலுக்கு மூடுதிரையும் கிடையாது. எழுமலை அருகே உத்தப்புரத்தில் 1989-இல் எழுந்த சுவர் தலித் மக்களைப் பிரித்து நின்றது. அதன் ஒரு பகுதி 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டது. பஸ்ஸுக்குக் காத்திருக்க ஒரு நிழற்குடையும் அங்கே போராட்டக் கோரிக்கையாக இருந்தது. நாலு தூணும் ஒரு கூரையும்தான். ஆனால் அதன்கீழ் யார் உட்காரலாம் என்பதில் ஊரின் அதிகாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்கள் கட்டணம் இல்லாமல் போகிறார்கள். கூலி வேலைக்குப் போகிறவளின் கையில் மிஞ்சும் அந்தச் சில்லறையில் 'வசதி' தன் பொதுப்பொருளைக் கொஞ்சம் மீட்டுக்கொள்கிறது.

2016-இல் மதுரை 'ஸ்மார்ட் சிட்டி' பட்டியலில் சேர்ந்தது. ஆற்றின் இரு கரையிலும் சுவரும் சாலையும் எழுந்தன. வண்டியில் போகிறவருக்கு இது வசதி, சந்தேகமில்லை. ஆனால் கரையிலிருந்து பார்க்கும் ஆறு வேறு, இறங்கிப் புழங்கும் ஆறு வேறு.

வேறு வழியே இல்லையா? 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர்த் தெப்பக்குளம் பல காலம் பையன்கள் கிரிக்கெட் ஆடும் மைதானமாகக் கிடந்தது. அண்மை ஆண்டுகளில் பனையூர்க் கால்வாய் வழியாக அதில் மறுபடி வைகை நீர் நிற்கிறது. அதற்குப் பெரிய தத்துவம் எதுவும் தேவைப்படவில்லை. கால்வாயைச் சரிசெய்து, நீர் போக வழிவிட்டார்கள், அவ்வளவுதான். கோயில் தெப்பத்துக்குக் கிடைத்த இந்தக் கவனம் பந்தல்குடி வாய்க்கால் ஓரத்துத் தெருக்களுக்கு ஏன் கிடைப்பதில்லை என்பதே நம் கேள்வி.

காலிக்குடத்தோடு சாலையை மறிக்கும் பெண்கள் 'அடிப்படை வசதி' என்கிறார்கள். வசதிக்கு முன்னால் 'அடிப்படை'யைச் சேர்த்து, பணக்காரர்களிடமிருந்து அந்தச் சொல்லை அவர்கள் பிடுங்கிக்கொள்கிறார்கள். கோட்பாடு பேசுகிற நாம் அந்த மறியலில் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.