வலிப்பும் சாவிக்கொத்தும்: நம்பிக்கை வேரூன்றும் விதம்

தற்செயலிலிருந்து பிறக்கும் பாடம்

மூடநம்பிக்கை கல்லாதவர்களுக்கே உரியது என்ற எண்ணம் பரவலாக இருப்பினும் உளவியல் அதை ஏற்பதில்லை. ஒன்றையடுத்து மற்றொன்று நிகழும்போது முன்னதே பின்னதற்குக் காரணம் என்று கொள்வது மனத்தின் இயல்பான கற்றல்முறை. நெருப்பு சுடும் என்று குழந்தைக்குக் கற்பிக்கும் அதே இயல்புதான், பூனை குறுக்கே போனால் காரியம் கெடும் என்பதையும் ஏற்கச் செய்கிறது.

அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1948-இல் வெளியிட்ட ஆய்வில், பசித்த புறாக்கள் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் அவற்றுக்குத் தீனி கிடைக்குமாறு அமைத்தார். எட்டுப் புறாக்களில் ஆறு, தமக்கென ஓர் அசைவைப் பற்றிக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் செய்தன. ஒன்று இடஞ்சுழியாகச் சுற்றியது, மற்றொன்று கூண்டின் மேல்மூலையை நோக்கித் தலையை நீட்டியது. ஒரு செயலையடுத்து நற்பயன் கிடைக்கும்போது அச்செயல் உறுதிப்படுவது 'வலுவூட்டல்' எனப்படும்; அது தற்செயலாகவும் நேரக்கூடும் என்பது ஸ்கின்னரின் முடிவு. புறாக்களின் அசைவுகளுக்குப் பின்வந்த ஆய்வாளர்கள் வேறு விளக்கம் கூறியுள்ளனர் என்றாலும், மனிதர் நடுவே இந்த முடிவுக்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. கையில் இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நின்றுவிடும் என்ற நம்பிக்கையே போதும்.

கையில் திணிக்கப்படும் இரும்பு

மூளை நரம்பணுக்களின் மின்செயல்பாடு திடீரென ஒழுங்கு குலைவதால் வலிப்பு உண்டாகிறது. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும். பேருந்து நிலையத்தில் ஒருவர் விழுந்து கைகால் வெட்டி இழுக்கும்போது, கூட்டம் கூடி, "இரும்பு குடுங்க" என்று யாரோ குரல் கொடுக்க, சாவிக்கொத்து தேடி எடுக்கப்பட்டு, இறுகிய விரல்களைப் பிரித்து உள்ளே திணிக்கப்படுவதற்குள் அந்த ஓரிரு நிமிடங்கள் கழிந்துவிடுகின்றன. இழுப்பு அடங்கும் வேளையில் சாவி கையில் இருப்பதால், சுற்றி நின்றோர் அனைவரும் இரும்பின் ஆற்றலுக்குக் கண்கண்ட சாட்சிகளாக வீடு திரும்புகின்றனர். சாவி இல்லாமலும் இழுப்பு அதே நேரத்தில் அடங்கியிருக்கும் என்று காட்ட அங்கு வழியில்லை.

அடங்காதபோதும் நம்பிக்கை தளர்வதில்லை; இரும்பு தாமதமாகக் கிடைத்தது என்ற சமாதானம் ஆயத்தமாக இருக்கிறது. தன் நம்பிக்கைக்கு ஒத்துவருவதை நினைவில் இருத்தி, ஒவ்வாததைத் தள்ளிவிடும் இப்போக்கு 'உறுதிப்படுத்தும் சார்பு' எனப்படுகிறது.

அச்சமும் கையறுநிலையும்

டிரோப்ரியாண்டு தீவுகளில் ஆய்வு செய்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி, அமைதியான உப்பங்கழியில் மீன்பிடிக்கச் சடங்கு எதுவும் செய்யாத மக்கள், ஆபத்து மிகுந்த திறந்த கடலுக்குச் செல்லும்போது மட்டும் விரிவான மந்திரச் சடங்குகளைச் செய்ததைப் பதிவு செய்தார். விளைவு தன் பிடியில் இல்லாத இடத்தில் எதையாவது செய்வது மனத்தின் பதற்றத்தைத் தணிக்கிறது. துடிக்கும் உடலைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியாதவர்களுக்குச் சாவிக்கொத்தும் அவ்வாறே உதவுகிறது. ஆகவே, இரும்பு கொடுக்காதீர்கள் என்று தடுப்பது மட்டும் பயன் தராது. கைகளுக்கு வேறு வேலை தரவேண்டும்.

செய்யத்தக்கது

வலிப்பு வந்தவரைச் சுற்றியுள்ள கூரிய, கடினமான பொருள்களை அகற்றி, தலைக்கடியில் மென்மையான துணியை வைத்து, கழுத்துப் பகுதியில் ஆடையைத் தளர்த்தி, இயன்றவரை விரைவில் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எச்சிலும் வாந்தியும் மூச்சுக்குழாயை அடைக்காது. கைகால்களை அழுத்திப் பிடிப்பதும், வாயில் கரண்டியையோ துணியையோ வைப்பதும், முழுமையாக நினைவு திரும்பும் முன் நீர் புகட்டுவதும் தீங்கு விளைவிக்கும். சாவி தேடும் நேரத்தில் கடிகாரத்தைப் பார்ப்பது மேல். இழுப்பு ஐந்து நிமிடங்களைக் கடந்தாலோ, நினைவு திரும்பாமலேயே மீண்டும் வந்தாலோ 108 ஆம்புலன்ஸை உடனே அழைக்க வேண்டும். உரிய மருந்தைத் தவறாமல் உட்கொண்டால் வலிப்பு நோயாளிகளில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்று உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது.